சமூகப்பணிப் பட்டப்படிப்பு: கொங்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கம் "எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறேன்", அதாவது சமூகப்பணியில் முதுகலை, என்று சொன்னால் இரண்டு கேள்விகள் கட்டாயம் வரும். "அது ஹெச்.ஆர். படிப்புதானுங்க?" என்பது ஒன்று. "சேவை செய்யறதுக்கு எதுக்குங்க ரெண்டு வருசப் படிப்பு?" என்பது இன்னொன்று. நான் சோமனூர்ப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். கோவையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, வேலைக்குப் போய், இப்போது களப்பணிக்கு வரும் மாணவர்களுக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்விகளோடும் அதே குழப்பங்களோடும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களிடம் தனித்தனியாகச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பில் பாதிக்கு மேல் களத்தில்தான் கற்கிறோம், களத்தில் நடந்ததை அன்று இரவு எழுதும் ரெக்கார்டில் கற்கிறோம். கல்லூரி தேர்வு செய்வதிலிருந்து ஆய்வுத் தலைப்பு வரை எல்லாவற்றையும் இதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

1. எந்தப் பட்டம், யார் சேரலாம்

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ., 3 ஆண்டு. ஏதாவது ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ., 2 ஆண்டு. எம்.எஸ்.டபிள்யூ. சேர பி.எஸ்.டபிள்யூ. படித்திருக்க வேண்டும் என்பதில்லை. என்னோடு படித்தவர்களில் பி.காம்., தமிழ் இலக்கியம், விலங்கியல் என்று எல்லாத் துறையினரும் இருந்தார்கள். தமிழ் இலக்கியம் படித்து வந்தவர்கள் மக்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதில் எங்களை விட நன்றாக இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்தப் படிப்பு 1936இல் பம்பாயில், டாடா அறக்கட்டளையின் பணத்தில், கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்பவர் பொறுப்பில் தொடங்கியது. மில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர் அது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அப்படி வந்ததுதான். சென்னையில் 1952இல் சமூகப்பணிப் பள்ளி வந்தது. மில்லும் தறியும் பனியன் கம்பெனியும் சூழ்ந்த நம் ஊருக்கு இந்தப் படிப்பு எவ்வளவு பொருந்தும் என்று இதை வைத்தே யோசித்துப் பாருங்கள்.

2. கல்லூரியைத் தேர்வு செய்தல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழும், சேலம், நாமக்கல் பக்கம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழும் வரும். கரூர் பாரதிதாசன் பல்கலைக்கழக எல்லை. கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியில் நெடுநாளாகச் சமூகப்பணித் துறை இருக்கிறது. கரூர்ப் பிள்ளைகளுக்குத் திருச்சி பக்கம். அங்கே பிஷப் ஹீபர் கல்லூரியிலும் பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை உண்டு. அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைக்கு விண்ணப்பிக்க மாநிலம் முழுவதற்கும் ஒரே இணையதளம்தான்.

பெயரை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். ஒரு நாள் நேரில் போய் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, "போன வாரம் களத்துல என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். அவர் ஒரு வீட்டைப் பற்றியோ, ஒரு பள்ளியைப் பற்றியோ, தனக்கு வந்த ஒரு சிக்கலைப் பற்றியோ பேசத் தொடங்கினால் அது நல்ல துறை. "கையெழுத்து வாங்கிட்டு வந்தோம்" என்றால் யோசியுங்கள். அப்புறம் துறையில் கேட்க வேண்டியவை: வாரம் எத்தனை நாள் களப்பணி, ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர், ஆசிரியர் வாரா வாரம் தனித்தனியாக உட்கார்ந்து ரெக்கார்டைப் பேசுகிறாரா, களப்பணிக்கு அனுப்பும் இடங்களில் கம்பெனிகள் மட்டுமா, மருத்துவமனையும் பள்ளியும் கிராமமும் உண்டா.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டபிள்யூ., எம்.எஸ்.டபிள்யூ. இரண்டும் உள்ளன. களப்பணியும் உண்டு. ஏற்கெனவே ஒரு தொண்டு நிறுவனத்திலோ மருத்துவமனையிலோ இருப்பவர்களுக்கு இது நல்ல வழி. புதிதாக வருகிறவர்களுக்கு நேரடி வகுப்பையே சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆள் இல்லாமல் களப்பணி பழகுவது கஷ்டம்.

3. பணம்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கினார்கள். இரண்டும் முதல் பட்டப்படிப்புக்குத்தான், அதாவது பி.எஸ்.டபிள்யூ.வுக்கு உதவும், எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு உதவாது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தவறக் கூடாது. வருமானச் சான்று, சாதிச் சான்று இரண்டையும் சேருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

கட்டணத்தைக் கணக்குப் போடும் வீடுகள் களப்பணிச் செலவை மறந்துவிடும். வாரம் 2 நாள் பஸ், ஜெராக்ஸ், கேம்ப் செலவு என்று அது தனியாக வரும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் மாணவிகளுக்கு இதில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

4. முதல் செமஸ்டர்: புத்தகத்தை ஊரோடு சேர்த்துப் படித்தல்

சமூகவியல், மனித வளர்ச்சி, உளவியல், சமூகப்பணியின் வரலாறு, இவற்றோடு ஆறு முறைகள் வரும்: தனிநபர் பணி, குழுப் பணி, சமுதாய அமைப்பு, சமூக நல நிர்வாகம், சமூக ஆய்வு, சமூகச் செயல்பாடு. பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. ஒவ்வொன்றுக்கும் உங்கள் ஊரில் ஓர் ஆளை, ஓர் இடத்தை நினைத்துக்கொண்டு படித்தால் பரீட்சைக்குப் பிறகும் நிற்கும். மகளிர் சுயஉதவிக் குழு எங்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது 1989இல் தருமபுரியில் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்தது. உங்கள் அம்மாவோ அத்தையோ அதில் இருப்பார்கள். குழுப் பணிப் பாடம் வரும்போது ஒரு கூட்டத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். யார் முதலில் பேசுகிறார், யார் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை, தவணை கட்டாதவரைப் பார்த்து மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். பாடத்தில் வரும் பாதிச் சொற்களுக்கு அங்கேயே பொருள் கிடைத்துவிடும்.

தனிநபர் பணியில் ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் சொன்ன ஏழு கோட்பாடுகள் முக்கியம். ஒவ்வொருவரையும் தனி மனிதராகப் பார்ப்பது, உணர்வை வெளிப்படுத்த இடம் கொடுப்பது, நம் உணர்ச்சியைக் கட்டுக்குள் வைத்து ஈடுபடுவது, ஏற்றுக்கொள்வது, அவர் மேல் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, அவர் முடிவை அவரே எடுக்க விடுவது, ரகசியம் காப்பது. தேர்வில் இவற்றை எழுதிவிடலாம், கிராமத்தில் கடைப்பிடிப்பதுதான் பாடு.

ரகசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்ததும் அடுத்த வீட்டு அம்மா, "ஏனுங்க, அந்தூட்டுக்கு என்ன சோலியா வந்தீங்க?" என்பார். அன்பாகத்தான் கேட்பார். காபியும் கொடுப்பார். "காலேஜ்லருந்து ஊரைப் பாக்க வந்தமுங்க, எல்லா வூட்டுக்கும் போறமுங்க" என்பது போல ஒரு பதிலை முன்கூட்டியே வைத்துக்கொண்டு, உண்மையிலேயே எல்லா வீட்டுக்கும் போய் வாருங்கள். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனால் நீங்கள் வாயைத் திறக்காமலே அந்த வீட்டு ரகசியம் வெளியே போய்விடும்.

ரகசியத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைப் போலீசிடம் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். மாணவர் என்பதால் விலக்கு கிடையாது. உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல உதவிக்கு 14416 என்ற எண்கள் போனில் இருக்க வேண்டும்.

பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் மிரண்டு போகிறார்கள். ரெக்கார்டை முதலில் தமிழில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். மக்கள் சொன்ன வாக்கியங்களை அவர்கள் வாயில் வந்தபடியே தமிழில் விட்டுவிடுங்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அதை மறைக்க வேண்டாம். அருந்ததியர் தெருவில் தெலுங்கும், தாளவாடியில் கன்னடமும் பேசத் தெரிந்த மாணவர் எங்களுக்குப் பெரிய சொத்து. திருப்பூரில் களப்பணி என்றால் கொஞ்சம் இந்தியும் வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இல்லாத பனியன் கம்பெனி இன்றைக்கு ஏது?

5. களப்பணி: கேட்ட பிறகு செய்தல்

வழக்கமாக வாரம் 2 நாள், அதாவது சுமார் 15 மணி நேரம். முதல் ஒரு மாதம் எதையும் சரி செய்யப் போகாதீர்கள். நடந்து பாருங்கள். தண்ணீர் எப்போது வருகிறது, ரேஷன் கடை எங்கே, டாஸ்மாக் எங்கே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்தத் தெருவுக்குள் போகும்போது ஆட்கள் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கையால் ஒரு வரைபடம் போடுங்கள்.

இதை நான் செய்யாமல் விட்டேன். முதலாமாண்டில் எனக்குக் கிடைத்தது நகரத்துக்கு வெளியே கட்டிக் கொடுத்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வாய்க்கால் ஓரக் குடிசைகளிலிருந்து அங்கே கொண்டுபோய் வைக்கப்பட்ட குடும்பங்கள். ரேஷன் கடை 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மூன்றாவது வாரமே நான் ஒரு மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, பத்துப் பெண்களைத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீஸ் கூட்டிப் போய்விட்டேன். மனு கொடுத்துவிட்டுப் பெருமையாகத் திரும்பும்போது பஸ்ஸில் ஓர் அக்கா சொன்னார்: "அம்மிணி, இன்னிக்கு ஒரு நாள் சம்பளம் போச்சுங்க. ரேசன் மாசத்துக்கு ஒருக்கா. காலைல மொத பஸ்சு ஏழரைக்குத்தான் வருது, வூட்டு வேலைக்கு ஏழு மணிக்குப் போயாகோணும். நாலு வூட்டு வேலை எனக்குப் போயிருச்சு. எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பமுங்கல்ல."

அந்தப் பெண்களுக்கு ஆறு மணி பஸ்தான் வேண்டியிருந்தது. நான் கேட்கவே இல்லை. சமுதாய அமைப்பு என்ற பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன், ஆனால் அந்தப் பாடம் எனக்குள் இறங்கியது அந்த பஸ்ஸில்தான். பிறகு அவர்களே உட்கார்ந்து பேசி, போக்குவரத்துக் கிளைக்கு எழுதிய மனுவில் நான் எழுத்துப் பிழை மட்டும் பார்த்தேன்.

சாதியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "எந்த ஊருங்க? யாரூட்டுப் பையனுங்க? குலதெய்வம் எதுங்க?" என்று கேட்பது நம் பக்கத்தில் மரியாதையான விசாரிப்பு போல இருக்கும். பல நேரங்களில் அது சாதியைக் கேட்பதுதான். ஊரைச் சொல்லுங்கள், கல்லூரியைச் சொல்லுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். காலனி என்று சொல்லப்படும் தெருவுக்குப் போய்விட்டு ஊருக்குள் வரும்போது உங்களுக்குக் கொடுக்கும் டம்ளர் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஆதிக்க சாதியிலிருந்து வரும் மாணவர்கள் அந்தத் தெருவில் யாராவது காபி கொடுத்தால் குடியுங்கள். அங்கிருப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு விதி போதும். எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை போகும் வீட்டுக்குத் தனியாகப் போகக் கூடாது. அப்புறம், உதவி கொடுப்பது போல் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். அதை வாங்கும் கையின் முகமும் அதில் வருகிறது.

6. ரெக்கார்டு எழுதுவது

மாணவர்கள் அதிகம் வெறுப்பது இதைத்தான், அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதுதான். எனக்கு வரும் ரெக்கார்டுகளில் பாதி இப்படி இருக்கும்:

"கிளையன்டின் வீட்டுக்குச் சென்றேன். கல்வியின் முக்கியத்துவத்தை எடுத்துரைத்தேன். அவர் புரிந்துகொண்டார்."

இதில் ஆளும் இல்லை, வீடும் இல்லை. அதே வீட்டை இன்னொரு மாணவி எழுதியிருந்தாள்:

"காலை 10.40. பையனின் அம்மா தறி ஓட்டிக்கொண்டே பேசினார். சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. 'அட்வான்ஸ் தீர்ற வரைக்கும் தார் சுத்தட்டுங்க' என்றார். எவ்வளவு அட்வான்ஸ் என்று கேட்டேன். அவசரப்பட்டுவிட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பையன் கையை நிறுத்தாமல் என்னைப் பார்த்தான். எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வந்தது. அது சரியா என்று தெரியவில்லை. அடுத்த முறை சிப்ட் முடிந்து தறி நின்ற பிறகு போக வேண்டும்."

இதை வைத்துக்கொண்டு நானும் அவளும் இரண்டு மணி நேரம் பேசினோம். தார் சுற்றுவது என்றால் தறிக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுப்பது. அட்வான்ஸ் என்பது தறிக்காரர் கொடுக்கும் முன்பணம். அதைத் தீர்க்காமல் வேறு தறிக்குப் போக முடியாது. போக வேண்டுமென்றால் புதிய முதலாளி பழைய கடனை அடைத்து எடுத்துக்கொள்வார். கடன் ஆள் மாறும், குறையாது. வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை முன்பணம் பறிக்கிறது என்றால் அது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். பையனுக்கு 13 வயது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கு இருக்கிறது. அடுத்தவர் தறியில் தார் சுற்றுவது அதில் அடங்காது. "கல்வியின் முக்கியத்துவம்" அந்த அம்மாவுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாதது அட்வான்ஸ் புத்தகத்தில் எழுதியிருந்த கணக்கு.

"எனக்குக் கோபம் வந்தது" என்று எழுதத் துணிந்ததால்தான் இத்தனையும் வெளியே வந்தது. உங்கள் மனதில் வந்ததை எழுதுங்கள். அன்று இரவே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு வாரத்தை எழுதினால் முதலில் காட்டியது மாதிரிதான் வரும். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

7. ரூரல் கேம்ப்

ஒரு வாரம் முதல் பத்து நாள் ஒரு கிராமத்தில் போய்த் தங்குவது. ஆனைகட்டி, பர்கூர், தாளவாடி, வால்பாறை என்று மலைப் பக்கம் போகவே எல்லோருக்கும் ஆசை. இருளர், சோளகர், காடர், மலசர் ஊர்களுக்குப் போகிறீர்கள் என்றால் அவர்கள் வனத்தைப் பற்றியும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் பற்றியும் படித்துவிட்டுப் போங்கள். கை கழுவுவது எப்படி என்று நாடகம் போடப் போகாதீர்கள், தண்ணீர் எங்கிருந்து தூக்கி வருகிறார்கள் என்று முதலில் கூடவே நடந்து பாருங்கள்.

8. சிறப்புப் பிரிவும் வேலையும்

இரண்டாமாண்டில் மனித வளம், மருத்துவம் மற்றும் மனநலம், சமுதாய மேம்பாடு, குடும்பம் குழந்தை நலம் என்று பிரியும். நம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் மனித வளத்துக்குப் போகிறார்கள். காரணம் உண்டு. 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு சொன்னது. மில்களும் பம்ப் கம்பெனிகளும் அப்படி எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களை எடுத்துப் பழகின. தொடக்கச் சம்பளம் தொண்டு நிறுவனத்தை விடக் கூடுதல். வீட்டில் கடன் இருக்கும் பிள்ளையிடம் இதைத் தவிர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதவி தொழிலாளிக்காக வந்தது. மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண் வெளியே போக அனுமதி கேட்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்று சேரும் முன்பே யோசித்துவிடுங்கள்.

மருத்துவப் பிரிவு படித்தவர்களுக்கு மருத்துவமனைகளில் சமூகப்பணியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் போன்ற வேலைகள் உண்டு. மனநலத்தில் ஆழமாகப் போக விரும்பினால் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநல சமூகப்பணியாளர் என்றால் முதுகலைக்கு மேல் 2 ஆண்டு எம்.ஃபில். படித்தவர் என்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸ் அதற்குப் பேர் போனது. குடும்பம் குழந்தை நலத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்றவை எடுக்கும், பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய கம்பெனிகளை லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சொன்ன பிறகு அந்தத் துறையிலும் வேலைகள் வந்திருக்கின்றன. கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் சமூகப்பணிக்கு 10ஆம் எண்ணைத் தேர்வு செய்ய வேண்டும். தொழிலாளர் நலம், மனித வளத்துக்கு 55 என்று தனித் தாள் இருப்பதால் பலர் குழம்பிப் போகிறார்கள்.

9. ஆய்வுத் தலைப்பு

"விழிப்புணர்வு நிலை" என்று முடியும் தலைப்புகள் போதும். நீங்கள் களத்தில் பார்த்து விடை தெரியாமல் நின்ற ஒரு கேள்வியை எடுங்கள். தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) தனியாக இருக்கும் அப்பிச்சியும் அம்மாயியும் (தாத்தாவும் பாட்டியும்) ஒரு வாரத்தில் எத்தனை பேரிடம் பேசுகிறார்கள்? மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போகலாம் என்று தெரிந்தும் ஏன் போக மாட்டேன் என்கிறார்கள்? முப்பது வீட்டுக்கு நிதானமாகப் போய் வந்தால் நல்ல ஆய்வு வரும்.

10. களத்தை விட்டு வருவது

செமஸ்டர் முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. வாரம் தவறாமல் வந்த அம்மிணி திடீரென வரவில்லை என்றால் அந்த வீட்டுக்கு அது இன்னொரு கைவிடல். மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள்: "இன்னும் மூணு தடவைதானுங்க வருவேன்." எந்த வேலை பாதியில் நிற்கிறது, எந்த மனு எந்த மேசையில் இருக்கிறது, எந்த வீட்டுக்குச் சிப்ட் முடிந்துதான் போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, அடுத்து வரும் ஜூனியரிடம் கொடுங்கள். முதல் நாள் நீங்களே கூட்டிப் போய் அந்தத் திண்ணையில் அவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.